குடிசன மதிப்புக் கண்ட அருணாசலம்

பொதுமக்கள் கருத்து என்பது யாது? அஃது எவ்வாறு உருவாகின்றது? உருவானதை அளந்தறிதல் கூடுமோ? இவ்வினாக்களுக்கு விடை தேடுவார்க்குச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் வாழ்க்கை நல்லதோர் உரைகல் ஆகும். மக்கள் தொகையை எண்ணிக் கணக்கிட்டவரும் அவரே. மக்கள் மனத்தை ஒருங்கு திரட்ட முயன்றவரும் அவரே. முன்னதில் அவர் பெற்ற வெற்றியும் பின்னதில் எய்திய ஏமாற்றமும் ஒருங்குவைத்து எண்ணத்தக்கன.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பொன்னம்பல முதலியாரின் இளைய புதல்வராகத் தோன்றினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்தம் தமையனார். கொழும்பு அக்கடமியிலே பயின்று, இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ற் கல்லூரியிற் கற்றார். 1875இல் போட்டித் தேர்வின் வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. நீதிபதியாகப் பல இடங்களிற் கடமையாற்றிய பின்னர், 1887இல் தேசாதிபதி ஆதர் கோடன், முதுநிலையினர் பலர் இருக்கவும் அவரையே பதிவாளர் நாயகம் ஆக்கினார். பிறப்பும் இறப்பும் விவாகமும் காணி உறுதியும் பதிவுபெறும் அத்திணைக்களத்தைச் சீர்செய்தமையால், எதனையும் எண்ணி எழுதி வைக்கும் பழக்கம் அவர்க்கு இயல்பாயிற்று.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. இலங்கையில் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை இக்கணக்கு எடுக்கப்பட்டு வந்தது. முன்னரே வீடுகளைப் பட்டியலிட்டு, பின்னர்க் குறித்ததோர் இரவிலே, இருப்பார் இல்லார் என்று சரிபார்த்து முடிக்கும் முறை அது. மாளிகையில் வாழ்வாரும் மரநிழலில் உறங்குவாரும் அக்கணக்கில் ஒவ்வொருவரே. அவ்வாறு எண்ணிய தொகை 35,65,954. அருணாசலம் எண்களை மட்டும் அடுக்கி அமையாது, நாட்டின் வரலாற்றையும் இனங்களையும் சமயங்களையும் விரித்துரைக்கும் பேரறிக்கை ஒன்றை வெளியிட்டார்.

எனினும் அக்கணக்கு ஒருவரது வயதையும் தொழிலையும் சமயத்தையும் கேட்டதேயன்றி, அவர் விரும்பும் ஆட்சி யாது என்று கேட்டதில்லை. 1911இலே படித்த இலங்கையர்க்கெனச் சட்டநிரூபண சபையில் ஓர் இடம் தேர்தலுக்கு விடப்பட்டபோது, வாக்குரிமை பெற்றோர் நாடெங்கும் 3,000க்கும் குறைவு. அப்போது தீவின் மக்கட்டொகை 41 இலட்சத்தைக் கடந்திருந்தது. இராமநாதன் அத்தேர்தலில் வென்றார். பெருந்தகுதி உடையவரே வென்றார். ஆயினும் வாக்களித்தோர் கருத்து நாட்டின் கருத்தாகுமா என்னும் வினா எஞ்சியே நின்றது.

1913இல் அருணாசலம் அரசசேவையினின்றும் ஓய்வுபெற்றார். ஓய்வு அவர்க்கு ஓய்வாய் அமையவில்லை. 1915இல் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். 1917இல் நாட்டின் அரசியற் றேவைகளைப் பற்றி விரிவுரையாற்றி, சீர்திருத்தச் சங்கத்தைத் தொடக்கினார். 1919இல் தொழிலாளர் நலம் பேணும் சங்கத்துக்கு வித்திட்டார். இங்ஙனம் பேச்சாலும் எழுத்தாலும் சங்கங்களாலும் பொதுக்கருத்து உருவாவதை அவர் நன்குணர்ந்திருந்தார். 1919 திசெம்பர் 11ஆம் நாள் இலங்கைத் தேசிய காங்கிரசு பிறந்தது. அதன் முதற் றலைவர் அருணாசலமே.

அக்காங்கிரசு பிறக்கு முன்னரே யாழ்ப்பாணத்துத் தமிழர் தயங்கி நின்றனர். மேல் மாகாணத்திலே தமிழர்க்கு ஓர் இடம் கிடைக்கத் துணைநிற்பதாகச் சிங்களத் தலைவர் இருவர் 1918 திசெம்பரில் எழுத்து மூலம் உறுதி அளித்தனர். அவ்வுறுதியை நம்பியே அருணாசலம் தமிழரை உடன்படச் செய்தார். 1921இலே அவ்விடம் கிட்டாதாயிற்று. மனம் நொந்த அருணாசலம் காங்கிரசை விட்டு நீங்கினார். 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1924 சனவரி 9ஆம் நாள், தலயாத்திரை சென்றிருந்த மதுரையம்பதியிலே அவர் உயிர் நீத்தார்.

குடிசன மதிப்பிலே ஓராளையும் விடாது எண்ணிய அப்பெரியாரின் அரசியல், ஈற்றில் இரு தலைவர்தம் கடிதத்தின்மேல் நிலைகொள்ள வேண்டியதாயிற்று. இஃது அவர் குற்றமன்று. அக்காலத்து மக்கள் மனத்தை அறிதற்கு வேறு கருவி இல்லை. சங்கத் தலைவர் சொல்லே சமூகத்தின் சொல்லாகக் கொள்ளப்பட்டது. சில ஆண்டுகளின் பின் டொனமூர் ஆணைக்குழு வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. சான்று கூறிய தலைவருட் பெரும்பாலார் சர்வசன வாக்குரிமையை வேண்டவில்லை; இராமநாதன் வெளிப்படையாகவே எதிர்த்தார். தொழிலாளர் சார்பில் நின்றோர் சிலரே அதனைக் கேட்டனர். ஆணைக்குழுவோ ஆடவர் பெண்டிர் இருபாலார்க்கும் அதனை வழங்க விதந்துரைத்தது. 1931இலே 21 வயது நிறைந்த ஆடவரும் பெண்டிரும் வாக்களிக்கும் தேர்தல் நடந்தது. அதற்குமுன் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்காளராய் இருந்தனர்.

இக்காலத்தில் மக்கள் கருத்தை அளக்கும் கருவிகள் பல உள. சிலரை வினவிப் பலரது எண்ணத்தை மதிப்பிடுதல் அவற்றுள் ஒன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி. ஆனால் அடிப்பிடித்த பானையில் மேற்சோறு மட்டும் எடுத்துப் பார்ப்பார் ஏமாறுவர். 1936இல் அமெரிக்காவிலே ஒரு சஞ்சிகை ஒரு கோடி பேர்க்கு அஞ்சலட்டை அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. முகவரிகளோ பெரும்பாலும் தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையார் பட்டியல்களினின்றும் எடுக்கப்பட்டவை. உரூசுவெல்ற் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். மிகச் சிலரையே, ஆயினும் பலதரத்தாரையும் வினவிய கலப் அதனைச் சரியாகக் கூறினார். அதே கலப் 1948இல் வினவுதலை முன்கூட்டியே நிறுத்தி, துரூமனின் வெற்றியைக் காணாது தவறினார். எண்ணிக்கை பெரிதாதல் போதாது. எத்தரத்தாரும் விடுபடாமை வேண்டும். இறுதிவரை கேட்டல் வேண்டும். அஞ்சாது விடைகூறும் நிலையும் வேண்டும். அச்சமுள்ள இடத்தில் நாவு ஒன்று கூற, நெஞ்சு வேறொன்று எண்ணும்.

திருகோணமலையையே எடுத்துக்கொள்வோம். நகரக் கடைத்தெருவில் மட்டும் நின்று வினவுவார் தமிழர் கருத்தையே மிகுதியும் கேட்பர். கிண்ணியாவிலும் மூதூரிலும் வினவுவார் முஸ்லிம்கள் கருத்தை. கந்தளாயில் வினவுவார் சிங்களர் கருத்தை. இரவெல்லாம் கடலிலே வலைவீசிப் பகலில் உறங்கும் மீனவனை நண்பகலில் வினாத்தாளுடன் செல்வார் காணமாட்டார். 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 அளவினர். தமிழர் 30க்குச் சற்று மேற்பட்டோர். சிங்களர் 27 அளவினர். இம்மூன்றனுள் ஒன்றை விடுத்துச் சொல்லப்படும் கருத்து எதுவும் திருகோணமலையின் கருத்து ஆகாது.

இதனினும் கவலைக்குரியது ஒன்று உண்டு. 1981இன் பின், போர் காரணமாக 1991இல் குடிசன மதிப்பே நடைபெறவில்லை. 2001இல் 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நடைபெற்றது; திருகோணமலை அவற்றுள் ஒன்றன்று. முப்பத்தோராண்டு இம்மண்ணில் முழுமையான குடிசன மதிப்பு நடைபெறாது இருந்தது. எத்தனை பேர் இடம்பெயர்ந்தனர், எத்தனை பேர் மறைந்தனர் என்பதற்கே கணக்கில்லாதபோது, அவர்தம் உள்ளக்கருத்தை அளந்தோம் என்பார் எதனைக் கொண்டு அளந்தனர்? மனத்தை அளக்குமுன் தலையை எண்ணுதல் வேண்டும். ஒரு தலையையும் விடாது எண்ணுதல் வேண்டும். அருணாசலம் 1901இலே செய்து காட்டிய பணி அதுவே.