முறுக்கிய கம்பியும் கிரகாம் பெல்லும்

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் நாள் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பிறந்தார். தந்தையார் பேச்சுக்கலை ஆசிரியர். அன்னையாரோ செவிப்புலன் பெரிதும் குன்றியவர். சிறுவன் பெல் அன்னையின் நெற்றியருகே குனிந்து, தாழ்ந்த குரலில் தெளிவாகப் பேசுவான். அவ்வொலியின் அதிர்வைக் கொண்டு அன்னையார் பொருளுணர்வார்.

காசநோய் பெல்லின் உடன்பிறந்தார் இருவரையும் கொண்டு சென்றது. எஞ்சிய ஒரு மகனையேனும் காக்க எண்ணிய பெற்றோர் 1870இல் கனடாவில் குடியேறினர். மறு ஆண்டு பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். ஐந்து வயதில் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்த மேபல் என்னும் மங்கை அவரிடம் பயின்றார். 1877இல் அவரையே மணந்தார். சைகை மொழியை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் என்ற பெல்லின் கொள்கையைக் காது கேளாதோர் பலர் இன்றும் ஏற்பதில்லை. அதனையும் சொல்லுதலே முறை.

1876 மார்ச்சு 10ஆம் நாள், அடுத்த அறையிலிருந்த உதவியாளர் வாட்சனைப் பெல் கம்பி வழியே அழைத்தார். அவரும் விரைந்து வந்தார். இக்கதையை நாம் அறிவோம். அதன்பின் எழுந்த இடர்ப்பாட்டைப் பலர் அறியார்.

அக்காலத் தொலைபேசிக்கு ஒரே கம்பி. மின்னோட்டம் நிலத்தின் வழியே திரும்பும். அருகே சென்ற தந்திக் கம்பிகளின் தட்டொலி அதனுள் புகுந்து பேச்சைக் கெடுத்தது. இரண்டாவது கம்பியை இணையாக இழுத்தாலும் தொல்லை முற்றும் தீராது. ஏனெனில், தந்திக் கம்பிக்கு அண்மையிலுள்ளது மிகுதியாகவும் மற்றது குறைவாகவும் இரைச்சலை வாங்கும். பெல் அவ்விரண்டையும் கயிற்றுப் புரிபோல் ஒன்றோடொன்று முறுக்கினார். இப்பொழுது ஒவ்வொரு கம்பியும் மாறி மாறி அண்மைக்கு வரும். இரண்டும் ஒரே அளவு இரைச்சலை வாங்கும். தொலைபேசியோ இரு கம்பிகளுக்கும் உள்ள வேறுபாட்டையே ஒலியாக்குகிறது. ஆகவே சமமான இரைச்சல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்! எத்துணை எளிய வழி! 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

கணினிகளை இணைக்கும் வடத்தை அறுத்துப் பார்த்தால் எட்டுச் செப்புக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஓர் இணையின் செய்தி மற்றோர் இணையில் கலவாதிருக்க, ஒவ்வோர் இணைக்கும் முறுக்கின் நெருக்கம் வேறு. மூன்றாம் வகை வடம் நொடிக்கு 1.6 கோடி அதிர்வுகள் வரைக்கும், ஐந்தாம் வகை 10 கோடி வரைக்கும், ஆறாம் வகை 25 கோடி வரைக்கும் வகுக்கப்பட்டவை. இரைச்சல் மிகுந்த தொழிற்கூடங்களில் உலோகத் தகட்டுறை சுற்றிய வடங்களும் உண்டு. முனையைப் பொருத்துவோர் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கலாகாது. பிரித்தால் பழைய இரைச்சல் மீண்டும் புகும்.

1922 ஆகஸ்டு 2ஆம் நாள் கனடாவில் பெல் காலமானார். அவர் நல்லடக்கம் செய்யப்பட்ட வேளையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஒலியடங்கி நின்றன. கணவர் படைத்த அக்கருவியின் ஒலியை மேபல் அம்மையார் ஒருநாளும் கேட்டதில்லை.