மின்னலுக்கு வழி காட்டியவர்!

தூரத்தில் இடிச்சத்தம் கேட்டதுமே, டிவி, கம்ப்யூட்டர் பிளக்குகளைக் கழற்றிவிடச் சொல்வார் அம்மா. ஏன் தெரியுமா? அருகே எங்காவது மின்னல் தாக்கினால், கரண்ட் கம்பி வழியே திடீரென்று அதிக மின்னழுத்தம் பாய்ந்து, அவற்றைப் பொசுக்கிவிடும். மின்னலும் மின்சாரமே என்று நிரூபிக்க வழி சொன்னவர், பெஞ்சமின் பிராங்க்ளின்.

இவர், 1706 ஜனவரி 17ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றார். அவருக்கு 17 பிள்ளைகள். பிராங்க்ளின் 15வது பிள்ளை! 10 வயதிலேயே படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த புத்தகங்களை எல்லாம் இரவில் படித்தார். 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். பிறகு அங்கே சொந்த அச்சகம் வைத்து முன்னேறினார்.

நாற்பது வயதில் மின்சாரத்தின் மீது ஆர்வம் வந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் லெய்டன் ஜாடிகள் பலவற்றை இணைத்து, அதற்கு 'பேட்டரி' என்று பெயர் வைத்தார். 1750ல் கவனக்குறைவால் அவற்றில் ஷாக் அடித்து நினைவிழந்தார். ஆனாலும், ஆராய்ச்சியை விடவில்லை.

அவர் எழுதிய யோசனைப்படி, 1752 மே மாதம் பிரான்சில் உயரமான இரும்புக் கம்பி நட்டு, மேகத்திலிருந்து மின்சாரத்தை இறக்கிக் காட்டினர். அதே ஆண்டு பிராங்க்ளின், மகன் வில்லியத்துடன் இடிமேகத்தின் கீழ் பட்டம் விட்டார். நூலில் கட்டிய சாவியருகே விரலைக் கொண்டுபோனதும் பொறி பறந்தது! நல்லவேளை, பட்டத்தை மின்னல் தாக்கவில்லை. தாக்கியிருந்தால் உயிரே போயிருக்கும். 1753ல், ரஷ்யாவில் இதுபோன்ற ஆய்வு செய்த ரிச்மன் என்ற விஞ்ஞானி மின்னல் தாக்கி இறந்தார். எனவே, நீங்கள் இதைச் செய்து பார்க்கவே கூடாது!

கட்டடத்தின் உச்சியில் கூரான கம்பி வைத்து, அதை மண்ணோடு இணைத்தால், மின்னல் கட்டடத்தைச் சேதப்படுத்தாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றார் பிராங்க்ளின். அதுதான் இடிதாங்கி! காப்புரிமை வாங்கியிருந்தால் பணம் குவிந்திருக்கும். அவரோ, 1753ம் ஆண்டு பஞ்சாங்கத்தில் செய்முறையை அச்சிட்டு, எல்லாருக்கும் சொல்லிவிட்டார். 1790 ஏப்ரல் 17ல், 84வது வயதில் மறைந்தார்.

இன்று லேப்டாப்பைக் காக்கும் 'சர்ஜ் புரொடெக்டர்' கருவியும், அதிகப்படியான மின்சாரத்தை எர்த் வழியே மண்ணுக்குத் திருப்பி விடுகிறது. ஆனால், வெளியூரில் தங்கும் இடத்தில் எர்த் சரியாக இருக்குமா என்று நமக்குத் தெரியாதே! அதனால், அப்பாவோ அக்காவோ ஊருக்குப் போய் லேப்டாப்பில் வேலை செய்தால், இடி நெருங்கும் முன்பே பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அதன்பின் லேப்டாப் எதில் ஓடும்? பிராங்க்ளின் பெயர் சூட்டிய பேட்டரியில்தான்!