சூரியன் மறையும் முன் வரைந்துவிட வேண்டும்... யார் இந்த டர்னர்?

மாலையில் வானம் சிவந்தால் நாம என்ன பண்றோம்? போனை எடுத்து ஒரு க்ளிக். அவ்வளவுதான். போட்டோ என்பதே புதுசாக இருந்த காலத்தில், நகரத்தின் மேல் சூரியன் சாயும் அந்தச் சில நிமிடங்களை வாட்டர்கலரில் பிடித்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் இங்கிலாந்து ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னர்.

முடிதிருத்தும் கடையில் தொடக்கம்

1775-ல் லண்டனின் கோவன்ட் கார்டன் பகுதியில் பிறந்தார் டர்னர். அப்பா முடிதிருத்துநர். மகன் வரைந்த படங்களைக் கடையிலேயே மாட்டி விற்றார். 14 வயதில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்த டர்னரின் வாட்டர்கலர், அடுத்த ஆண்டே அங்கு கண்காட்சிக்கு வந்தது. 26 வயதில் அகாடமியின் முழு உறுப்பினர்!

வீட்டிலோ வேறு நிலைமை. மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அம்மா 1804-ல் இறந்தார். அப்பாதான் 1829-ல் சாகும் வரை மகனுக்கு உதவியாளராகவே இருந்தார்.

வெனிஸில் ஒரு மாலை

1840-ல் மூன்றாவது முறையாக, அதுவே கடைசி முறையாக, இத்தாலியின் வெனிஸ் நகருக்குப் போனார் டர்னர். அப்போது வயது 65. அதே ஹோட்டலில் தங்கியிருந்த இளம் ஓவியர் வில்லியம் கேலோ, ஒரு மாலை படகில் ஹாயாக சுருட்டு பிடித்தபடி போனார். பார்த்தால், இன்னொரு படகில் டர்னர்! மாலை வெயிலில் ஜொலித்த சான் ஜியார்ஜியோ தேவாலயத்தை மும்முரமாக வரைந்துகொண்டிருந்தார். இவ்வளவு நேரமாகியும் இவர் உழைக்க, நாம சும்மா பொழுதைக் கழிக்கிறோமே என்று கேலோவுக்கு வெட்கமாகிவிட்டது.

எப்படி வரைந்தார்?

இதில் பெரிய சிக்கல் நேரம்தான். ஒரு பூச்சு காய்வதற்குள் வானத்தின் நிறமே மாறிடும். அதனால் டர்னர் வெளியே பெரும்பாலும் பென்சிலில் வேகமாகக் கோடு போட்டுக்கொள்வார். வண்ணம் பெரும்பாலும் பிறகுதான், நினைவிலிருந்து. வெளிச்சத்துக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விடுவார். தேவைப்பட்டால் பூசிய வண்ணத்தைத் துடைத்தும் சுரண்டியும் எடுப்பார்.

வெளிச்சமே எதிரி

1851-ல் டர்னர் இறந்தார். படங்களை நாட்டுக்கே எழுதி வைத்திருந்தார். உறவினர்கள் உயிலை எதிர்த்து வழக்குப் போட்டனர். 1856-ல் வந்த தீர்வில் சுமார் 300 எண்ணெய் ஓவியங்களும், தாளில் வரைந்த பல ஆயிரம் படங்களும் நாட்டுக்குக் கிடைத்தன. இன்று அவற்றில் பெரும்பகுதி லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆனால் அந்த வாட்டர்கலர்களை எப்போதும் சுவரில் மாட்டி வைக்க முடியாது. வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கிவிடும். அதனால் மங்கலான விளக்கொளியில், கொஞ்ச காலம்தான் காட்சிக்கு வைக்கிறார்கள். மீதி நேரமெல்லாம் பெட்டிக்குள் இருட்டில்தான்.

வாழ்நாள் முழுக்க வெளிச்சத்தைத் துரத்தியவரின் படங்களை, இன்று வெளிச்சத்திடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.