டெலிபோனில் பாடம் கேட்ட சிறுவன்

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில், கோகோமோ என்று ஓர் ஊர். அங்கே 1971-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி ரயன் ஒயிட் பிறந்தான்.

பிறந்த மூன்றாம் நாளே அவனுக்கு ஹீமோபிலியா என்ற நோய் இருப்பது தெரிந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் சரியாக உறையாது. காயம் பட்டால் ரத்தம் எளிதில் நிற்காது. பலருடைய ரத்தத்தில் இருந்து எடுத்த மருந்தை அவனுக்கு ஊசி மூலம் ஏற்றி வந்தார்கள். அவனை வாழவைத்தது அந்த மருந்துதான். அந்த மருந்தில்தான் எமனும் ஒளிந்து இருந்தான்!

1984 டிசம்பரில் ரயனுக்கு நிமோனியா கண்டது. சோதித்தபோது எய்ட்ஸ் என்று தெரிந்தது. ஆறு மாதம்தான் உயிரோடு இருப்பான் என்றார்கள் டாக்டர்கள். அப்போது அவனுக்கு வயது 13.

கதவு சாத்தப்பட்டது

ஆனால் ரயன் தேறினான். பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டான். பள்ளிக்கூடமோ கதவைச் சாத்திவிட்டது!

தொட்டால் இந்த நோய் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் நம்பவில்லை. புதிய நோய், பெற்றவர்கள் பயந்ததில் வியப்பு இல்லை. ஆனால் அந்தப் பயம் செய்த காரியங்கள் கொடுமையானவை.

1985 ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தது. ரயன் வீட்டில் இருந்தபடி டெலிபோனில் பாடம் கேட்டான். குரல் வரும், முகம் தெரியாது.

வழக்கு நடந்தது. 1986 ஏப்ரலில் அவன் பள்ளிக்கூடம் திரும்பினான். அங்கே அவனுக்குத் தனிக் கக்கூஸ். சாப்பிட, தூக்கி எறியும் கரண்டி. அவன் வீடு வீடாகப் பத்திரிகை போட்டு வந்தான். அவன் கை பட்ட காகிதம் வேண்டாம் என்று சிலர் பத்திரிகையையே நிறுத்தினார்கள். தேவாலயத்தில் அவனோடு கை குலுக்க மறுத்தார்கள். ஒருநாள் வீட்டு ஜன்னலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது!

கை கொடுத்த ஊர்

தாயார் ஜீன், பிள்ளைகளோடு 1987-ல் சிசரோ என்ற ஊருக்குக் குடிபோனார். வீடு வாங்க, பாடகர் எல்டன் ஜான் 16,500 டாலர் கடன் கொடுத்தார். ஜீன் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, ரயனின் தங்கை ஆண்ட்ரியாவின் கல்லூரிச் செலவுக்கு என்று போட்டு வைத்துவிட்டார்.

புதிய பள்ளிக்கூடத்தில், ரயன் வருவதற்கு முன்பே மாணவர்களுக்கு இந்த நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுத்து இருந்தார்கள். முதல் நாளே தலைமை ஆசிரியரும் மாணவர்களும் அவனோடு கை குலுக்கினார்கள்.

நோய் என்னவோ அதே நோய்தான். ஆனால் ரயன் நல்ல மார்க்கு வாங்கினான். கார் ஓட்டினான். கடையில் பகுதி நேர வேலை பார்த்தான்.

இந்தக் கிருமி மூளையையும் பாதிக்கும். சிலருக்கு ஞாபகசக்தி குறையும். மனச்சோர்வு வருவதும் அதிகம். மற்றவர்கள் ஒதுக்கிவைத்தால் அது இன்னும் மோசமாகும். கிருமியை அடக்கும் கூட்டு மருந்துகள் 1996-ம் ஆண்டு வாக்கில்தான் வந்தன. இப்போது அவற்றைத் தவறாமல் சாப்பிடுகிறவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். அதுவரை ரயன் இருக்கவில்லை.

1990 ஏப்ரல் 8-ந் தேதி ரயன் இறந்தான். வயது 18. இறுதிச் சடங்குக்கு சுமார் 1,500 பேர் வந்தார்கள். ஜனாதிபதி புஷ்ஷின் மனைவி பார்பராவும் வந்தார்.

அழுதுகொண்டு இருந்த தாயார் வாஷிங்டன் போனார். சட்டசபை உறுப்பினர்களை நேரில் பார்த்துப் பேசினார். அந்த ஆகஸ்டிலேயே ரயன் ஒயிட் பெயரில் சட்டம் வந்தது. அமெரிக்காவில் வசதி இல்லாத எய்ட்ஸ் நோயாளிகள் அதன் மூலம் சிகிச்சை பெறுகிறார்கள். மாத்திரைக்கு மட்டும் அல்ல, மனநல சிகிச்சைக்கும் அதில் பணம் உண்டு.