சிறைக்கு அஞ்சாத டாக்டர் ருக்மாபாய்

என் சித்தி, கணவர் அடித்ததில் கை முறிந்து மணப்பாறைக்கு, தாய்வீட்டுக்கு வந்தாள். காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு கோர்ட்டில் மனுப் போட்டாள். மறு மாதமே, சேர்ந்து வாழ வரவேண்டும் என்று சித்தப்பாவின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இங்கிலீஷ் நோட்டீஸ். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. படித்ததும் எனக்கு ருக்மாபாய் அம்மையாரின் நினைவுதான் வந்தது.

அம்மையார் 1864-இல் பம்பாயில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் ஜெயந்திபாய் பின்னர் டாக்டர் சகாராம் அர்ஜுனை மறுமணம் செய்துகொண்டார். 11 வயதில் ருக்மாபாயைத் தாதாஜி பிகாஜி என்ற வாலிபருக்குக் கட்டிவைத்தார்கள். ஆனால் பெண் தாய்வீட்டிலேயே தங்கிப் புத்தகங்களோடு வளர்ந்தாள். தாதாஜிக்கோ படிப்பில் நாட்டமில்லை. 1884-இல் அவர், மனைவியை அனுப்பிவைக்கக் கோரிப் பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்.

மனம் ஒப்பாத பெண்ணை வற்புறுத்தி அனுப்புவது கொடுமை என்று கருதிய நீதிபதி பின்ஹே, 1885-இல் வழக்கைத் தள்ளினார். அப்பீலில் அத்தீர்ப்பு நிற்கவில்லை. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், ஒரு மாதத்துக்குள் கணவன் வீடு செல்லவேண்டும், தவறினால் ஆறு மாதச் சிறை என்று உத்தரவிட்டார். சிறைக்கே போகத் துணிந்தார் அம்மையார். வயது 22தான், நண்பர்களே! நாம் போற்றும் திலகரும் அன்று கேசரியில் அவரை எதிர்த்தே எழுதினார் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

கடைசியில் 1888-இல் தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு விலகினார். அடுத்த ஆண்டே அம்மையார் லண்டன் சென்று மருத்துவம் பயின்றார். 1894-இல் தேறித் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தே வாழ்நாளைக் கழித்தார். 1955 செப்டம்பர் 25-இல் மறைந்தார். அதே ஆண்டு மே மாதம் வந்த இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவிலும் சேர்ந்து வாழக் கோரும் அந்த வழக்குக்கு இடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. சித்தி கேட்கும் நஷ்டஈட்டுக்கு வழி செய்த குடும்ப வன்முறைச் சட்டம் வர 2005 ஆயிற்று.

நோட்டீஸைக் கண்ட அக்கம்பக்கத்தார், போகாவிட்டால் ஜெயில்தான் என்று சித்தியைப் பயமுறுத்தியிருந்தார்கள். அந்த ஜெயில் தண்டனையை 1923-இலேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நான் விளக்கிச் சொன்னேன். இரண்டு நாளாகச் சாப்பிடாதவள், அன்றிரவு இடது கையால் சோற்றைப் பிசைந்தாள்.