ஒலிபெருக்கியை வேண்டாத மிருதங்கம்

ஒலியைப் பெரிதாக்குவது எளிது. இசையைப் பெரிதாக்குவது அரிது. முன்னதற்கு மின்சாரம் போதும். பின்னதற்கு ஒரு வாழ்நாள் வேண்டும். இவ்வுண்மையைச் சொல்லாலன்றிக் கைவிரல்களாலேயே உலகுக்கு உணர்த்திச் சென்றவர் பாலக்காடு மணி ஐயர்.

மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு வழிகொடுக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். அவ்வழியே காற்று வந்தது, வணிகம் வந்தது, தமிழரும் வந்தனர். காவிரிக் கரையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்னர்ப் பெயர்ந்த குடும்பங்கள் அங்கே தங்கள் மொழியையும் இசையையும் விடாது காத்தன. அத்தகைய குடும்பம் ஒன்றில், இன்றைய திருச்சூர் மாவட்டத்தில் பாலக்காட்டு எல்லையை ஒட்டிய பழயன்னூரில், 1912ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை சேஷம் பாகவதர், தாய் ஆனந்தாம்பாள். பெற்றோர் இட்ட பெயர் ராமசுவாமி. நாடறிந்ததோ மணி என்னும் பெயரையே.

சிறுவனுக்கு முதலில் மிருதங்கம் கற்பித்தவர் சாத்தபுரம் சுப்பையர். பிள்ளையின் திறத்தை உலகறியச் செய்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். 1924இல் சென்னை எழும்பூர் ஜகந்நாத பக்த சபையில் செம்பை பாட, பன்னிரண்டு வயது மணி மிருதங்கம் வாசித்தார். செம்பையின் குரலோ கணீரென்று மண்டபத்தின் கடைக்கோடிவரை செல்லும் குரல். அக்குரலுக்கு ஈடுகொடுக்க வேண்டும். அதே வேளை அதனை மறைத்துவிடவும் கூடாது. அந்நாளில் மேடையில் மைக் இல்லை. மிகுந்தால் குறைக்கவோ குறைந்தால் மிகுக்கவோ பொறியாளர் எவரும் பக்கத்தில் இல்லை. எல்லாம் கையின் பொறுப்பு, காதின் பொறுப்பு. இப்பள்ளியில்தான் அவர் வளர்ந்தார். பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்று, கலையைச் செம்மை செய்துகொண்டார்.

மேதையின் புகழைப் பேசும் நாம், அவர் கையில் இருந்த கருவியை மறத்தல் தகாது. பலா மரத்தைக் குடைந்து, தோலைப் பதமாக்கி, வார் இழுத்துக் கட்டி அவருக்கு மிருதங்கம் செய்து தந்தவர்களுள் தலைசிறந்தவர் தஞ்சையைச் சேர்ந்த பர்லாந்து. மேடையில் அமர்ந்தவருக்குப் பொன்னாடை கிடைத்தது. தோலோடு பழகியதால் சமூகம் தள்ளி வைத்த கைவினைஞருக்கு அது கிடைக்கவில்லை. மணி ஐயரின் நாதத்தில் பாதி பர்லாந்தின் உழைப்பு என்று நாம் இன்றேனும் சொல்ல வேண்டும்.

அக்கருவிக்குள் இருக்கும் அறிவியலும் சிறிதன்று. வெறுந்தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என ஒழுங்கற்று நிற்கும். அதனால்தான் சாதாரணப் பறையில் திட்டமான சுருதி கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் சோறும் கல்பொடியும் சேர்த்து அப்பிய கருநிறப் பூச்சு இருக்கிறதே, அது தோலின் நடுவில் எடையேற்றி, மேற்சுரங்களை 2, 3, 4, 5 என்னும் முழு மடங்குகளுக்கு அருகில் கொண்டுவந்து சேர்க்கிறது. இதனை ஆராய்ந்து 1920இலும் 1934இலும் கட்டுரை எழுதியவர் நம் சர் சி. வி. இராமன். பெயர் தெரியாத தொழிலாளர் எத்தனையோ தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் கண்டதை, நோபல் பரிசு பெற்றவர் கணக்கால் கண்டார்.

1930களில் நம் கச்சேரி மேடைகளுக்கு மைக் வந்தது. 1906இல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட் ஆக்கிய மூன்று மின்முனை வால்வே அதற்கு அடிப்படை. சிறு மின்னலையை வாங்கி அதே வடிவில் பெரிதாக்கித் தருவது அதன் வேலை. ஆனால் அளவுக்கு மேல் கொடுத்தால் வால்வு தாங்காது. அலையின் உச்சி மழுங்கிவிடும். மழுங்கிய அலையில் முன்பில்லாத மேற்சுரங்கள் புதிதாகத் தோன்றும். மெல்லிய ஒலிக்கும் வல்லொலிக்கும் இருந்த இடைவெளியும் சுருங்கும்.

விந்தை என்னவெனில், கச்சேரிக்காரர் குற்றமெனக் கண்ட இதனையே ராக் இசைக்காரர் குணமெனக் கொண்டனர். கித்தார் நரம்பின் மேற்சுரங்கள் ஏறக்குறைய முழு மடங்குகளாதலால், மழுங்கிய பின்னும் தனிச்சுரம் சிதையாது. மாறாகச் செழித்து நீளும். 1962இல் இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடை தன் முதல் பெருக்கியை ஆக்கியது; 1965இல் நூறு வாட் பெருக்கியும் வந்தது. அதே 1965இல், அதே பிரிட்டனில், எடின்பரோ விழாவில் கே. வி. நாராயணசாமியின் பாட்டுக்கும் லால்குடி ஜெயராமனின் வயலினுக்கும் மணி ஐயர் மிருதங்கம் வாசித்தார். ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் ஒலியைப்பற்றிய இரு வேறு நம்பிக்கைகள்!

ஏனெனில் மணி ஐயருக்கு மைக் பிடிக்கவில்லை. புகழின் உச்சியில் இருந்தபோது, மைக் இல்லாத கச்சேரியே வேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கலானார். இது முதியவரின் பிடிவாதம் அன்று. தொழில் தெரிந்தவரின் முடிவு. அவர் வாசிப்பில் விரல் நுனியால் தொடும் ஒலியும் உள்ளங்கை எழுப்பும் ஒலியும் வேறு வேறு. இடப்பக்கத் தொப்பியின் கும்கியோ மூச்சைப்போல மெல்லியது. பாடகர் தணியும்போது தணிந்து, எழும்போது எழுவதே அவர் கலை. எல்லாவற்றையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்யும் கருவி, அவர் சொல்ல வந்ததையே அழித்துவிடும். எல்லாச் சபாக்களும் அந்நிபந்தனையை ஏற்கவில்லை. கச்சேரி போனால் போகட்டும் என்று இருந்தார். 1956இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 1966இல் மிருதங்கக் கலைஞர் எவரும் அதற்குமுன் பெறாத சங்கீத கலாநிதி, 1971இல் பத்ம பூஷண் என்று சிறப்புகள் வந்தவருக்கு, கொள்கைக்காக மேடையை இழக்கும் துணிவும் இருந்தது.

ஆயினும் அவர் சொன்னதெல்லாம் சரியா? நான் தயங்குகிறேன். இடுக்கியின் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பிழைப்புத் தேடி மலையேறிய எம் பாட்டன்மாருக்குச் சபா ஏது, முன்வரிசை ஏது? மாரியம்மன் திருவிழாவில் மரக்கிளையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி இல்லையெனில் எங்கள் லயங்களுக்குள் இசை எட்டியே இராது. மைக் இல்லாத கச்சேரி சிறிய மண்டபத்தில் சிலருக்கே ஆகும்; அச்சிலர் யார் என்பது நமக்குத் தெரியும். நெடுங்காலம் பெண் பாடகியர்க்கு வாசிப்பதில்லை என்று இருந்ததும் அவர் வாழ்வில் உள்ள குறையே. பின்னர் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்து அவ்வழக்கத்தைத் தாமே மாற்றிக்கொண்டார். தம் மகள் லலிதாவைப் பட்டம்மாளின் மகனுக்கு மணமுடித்தும் தந்தார். பெரியோர் வாழ்வைப் படிப்பது அவர்களைத் தெய்வமாக்குவதற்கு அன்று, தெளிவு பெறுவதற்கே.

அத்தெளிவு இன்று நம் மன்றத்துக்கு வேண்டியிருக்கிறது. நம் ராக் குழுவினர் கெயின் மிகுந்த இரண்டு வால்வுப் பெருக்கிகளுள் எதனை வாங்குவது என்று வாதிடுகின்றனர். ஒன்று நூறு வாட். இன்னொன்று ஐம்பது வாட். வாட் இரட்டித்தால் ஒலி இரட்டிக்கும் என்பது சிலர் எண்ணம். உண்மையில் கூடுவது மூன்று டெசிபெல்தான். காதுக்கு அது சிறு வேறுபாடே. மன்றத்தின் பணமோ மாணவர் சந்தா. ஆகவே வாட்டையும் கெயின் குமிழின் எண்ணையும் பார்த்து மயங்க வேண்டா. கித்தார்க்காரர் ஒரே சுரத்தை முதலில் மெதுவாகவும் பின்னர் அழுத்தியும் மீட்டிப் பார்க்கட்டும். இரண்டும் ஒன்றுபோலவே ஒலித்தால் அங்கே பேசுவது பெருக்கி, கை அன்று. கை தணிந்தால் தெளிந்தும், கை எழுந்தால் உறுமியும் எந்தப் பெருக்கி விடையளிக்கிறதோ அதனையே தேர்க. பாடுபவர் குரல் அதன்மேல் கேட்கிறதா என்பதை மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டு முடிவு செய்க. மைக்கை வெறுத்தவரிடமிருந்து பெருக்கி வாங்குவோர் கற்கத்தக்க பாடம் இது.

பிற்காலத்தில் மணி ஐயர் ரிஷிவேலிப் பள்ளியில் சிறுவர்க்குக் கற்பித்தார். பாலக்காடு ரகு முதலிய மாணவர் அவர் வழியை வளர்த்தனர். 1981ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் கொச்சியில் அவர் மறைந்தார். இன்று அவரைக் கேட்க வேண்டுமானால் ஒலிப்பதிவைத்தான் நாட வேண்டும்; அதாவது, ஒரு மைக்கின் வழியாகத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது ஒன்று செய்யுங்கள், நண்பர்களே! குமிழைக் கூட்டாதீர்கள், சற்றுக் குறையுங்கள். அடங்கிய ஒலியிலும் அந்தக் கும்கி உங்களைத் தேடி வரும்.