நியான் வாயுவைக் கண்டறிந்தவர், பெங்களூரு அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர்: மாரிஸ் டிராவர்ஸ்

பெங்களூரு: ஒரே தனிமத்தின் அணுக்கள் அனைத்துக்கும் பொதுவாக இருப்பது எது என்ற கேள்விக்கு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடை தந்த தனிமங்களுள் ஒன்று நியான். அந்த வாயுவைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான மாரிஸ் டிராவர்ஸ்தான், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர்.

லண்டனில் 1872-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் தேதி பிறந்த டிராவர்ஸ், அந்நகரின் யுனிவர்சிட்டி கல்லூரியில் வேதியியல் பயின்று, பேராசிரியர் வில்லியம் ராம்சேயின் உதவியாளரானார். 1898-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், திரவக் காற்றைப் பெரும்பகுதி ஆவியாக்கிய பின் எஞ்சியதை இருவரும் நிறமாலைமானியில் ஆராய்ந்தனர். அதுவரை எந்தத் தனிமத்திலும் காணப்படாத மஞ்சள், பச்சைக் கோடுகள் தெரிந்தன. அதுவே கிரிப்டான். ஜூன் மாதத்தில் செந்நிற ஒளியுடன் நியானும், ஜூலையில் செனானும் கண்டறியப்பட்டன. சில வாரங்களுக்குள் மூன்று தனிமங்கள் தனிம வரிசை அட்டவணையில் சேர்ந்தன.

ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளை வெளியிடும் என்பதே இக்கண்டுபிடிப்புகளுக்கு ஆதாரமாக அமைந்தது. ஆயினும், அந்தக் கோடுகள் ஏன் மாறாமல் இருக்கின்றன என்பதை அன்று எவராலும் விளக்க இயலவில்லை. ஒரு தனிமத்தின் அணுக்கள் யாவும் ஒரே எடை கொண்டவை என்பதே ஜான் டால்டன் காலம் முதல் நிலவிய நம்பிக்கை. ராம்சேயும் ராலே பிரபுவும் 1894-இல் கண்டறிந்த ஆர்கான் வாயு, அட்டவணையில் அடுத்து வரும் பொட்டாசியத்தைவிட அதிக அணு எடை கொண்டிருந்தது. தனிமத்தின் அடையாளம் எடையில்தான் உள்ளதா என்ற ஐயத்தை அது எழுப்பியது.

இதனிடையே, இந்தியாவில் ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகம் அமைக்க விரும்பிய தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடாவின் திட்டத்தை ஆராய 1900-இல் இந்தியா வந்த ராம்சே, அதற்கு ஏற்ற இடமாகப் பெங்களூருவைப் பரிந்துரைத்தார். டாடா 1904-இல் மறைந்தார். அப்போது பிரிஸ்டலில் பேராசிரியராக இருந்த டிராவர்ஸ், 1906-ஆம் ஆண்டு இறுதியில் இயக்குநராகப் பெங்களூரு வந்தார். அங்கே கட்டடமோ, ஆய்வுக்கூடமோ, மாணவரோ இல்லை. மைசூர் அரசு வழங்கிய சுமார் 371 ஏக்கர் நிலம் மட்டுமே இருந்தது. 1909-இல் கழகம் சட்டப்படி நிறுவப்பட்டது; 1911-இல் முதல் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். வேதியியலும் மின் தொழில்நுட்பமும் தொடக்கத் துறைகளாக இருந்தன. நகர மக்கள் இன்றும் அதனை டாடா இன்ஸ்டிடியூட் என்றே அழைக்கின்றனர்.

டிராவர்ஸ் பெங்களூருவில் நிர்வாகப் பணிகளில் மூழ்கியிருந்த அதே ஆண்டுகளில், அவர் கண்டறிந்த வாயுவே பழைய நம்பிக்கையை அசைத்தது. கேம்பிரிட்ஜில் 1912-13-இல் ஜே.ஜே. தாம்சன் நடத்திய சோதனையில், நியான் அணுக்கள் 20, 22 என இரு எடைகளில் பிரிந்தன. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட இத்தகைய அணுக்களுக்கு ஐசோடோப்பு என்ற பெயரை 1913-இல் ஃபிரடெரிக் சாடி வழங்கினார். அணுக்கருவின் மின்னூட்டமே தனிமத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அதே காலத்தில் ஹென்றி மோஸ்லியின் எக்ஸ்-கதிர் ஆய்வுகள் நிறுவின.

இன்றைய அறிவியல் மொழியில் அந்த மின்னூட்டம் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. நியான் அணு ஒவ்வொன்றிலும் 10 புரோட்டான்கள் உள்ளன. கிரிப்டானில் 36, செனானில் 54. நியூட்ரான்களின் எண்ணிக்கை கூடலாம், குறையலாம்; அதனால் எடை மாறுமே தவிர தனிமம் மாறாது. ஆர்கானில் 18, பொட்டாசியத்தில் 19 புரோட்டான்கள் என்பதால் பழைய எடைப் புதிரும் தீர்ந்தது.

நிர்வாகம் தொடர்பான கருத்து வேறுபாடுகளுக்குப் பின், 1914-இல் டிராவர்ஸ் பதவி விலகி இங்கிலாந்து திரும்பினார். முதல் உலகப் போரின்போது ஆய்வுக்கூடக் கண்ணாடித் தயாரிப்பில் ஈடுபட்டார். தம் ஆசிரியர் ராம்சேயின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1956-இல் வெளியிட்டார். 1961-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி, 89-ஆவது வயதில் காலமானார்.

அவர் வகித்த இயக்குநர் பதவிக்கு 1933-இல் சர் சி.வி. ராமன் வந்தார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.